சான்றிதழும் காப்பும்: தனிப் பயிற்றுநர்களின் பொறுப்புக் காப்பீடு

பிரிட்டனில் ஒரு பள்ளி மண்டபத்தையோ சமூகக் கூடத்தையோ சனி, ஞாயிறுகளில் வாடகைக்கு எடுத்துப் பரதநாட்டியமோ ஜும்பாவோ சொல்லிக்கொடுக்க முன்வருபவரிடம், மண்டப நிர்வாகம் முன்பணத்தோடு சேர்த்துக் கேட்பது பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ். ஜிம்முக்கு மாத வாடகை கட்டி அங்கே தன் சொந்த வாடிக்கையாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பவரிடமும், பூங்காவில் காலை நேர வகுப்பு நடத்த உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி கோருபவரிடமும் இதையே கேட்கிறார்கள். சான்றிதழில் அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இரண்டுதான்: தொகை எவ்வளவு, எந்தத் தேதிவரை செல்லும். 50 லட்சம் பவுண்டு, சில இடங்களில் 1 கோடி பவுண்டு என்று இருந்தால் திருப்தி. இத்தகைய பாலிசிகள் பல ஆண்டுக்கு 100 பவுண்டுக்குள் கிடைக்கின்றன; இணையத்திலேயே வாங்கி, சான்றிதழை உடனே அச்சிட்டுக்கொள்ளலாம். இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் ஒன்றில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்த எளிமையில்தான் சிக்கலே இருக்கிறது. தொகையையும் தேதியையும் மட்டும் கேட்கும் வழக்கம், ஆசிரியர்களைச் சான்றிதழ் வாங்கப் பழக்கியிருக்கிறது. காப்பை வாங்கப் பழக்கவில்லை. விபத்துக்குப் பிறகு எழும் கேள்விகளோ வேறு: என்ன பயிற்சி, யார் நடத்தியது, எங்கே, எப்போது? இந்த நான்குக்கும் பாலிசி தரும் பதில்தான் காப்பின் உண்மையான அளவு.

முதலில் சட்டத்தின் நிலை. நடன ஆசிரியரோ உடற்பயிற்சியாளரோ பொதுப் பொறுப்புக் காப்பீடு வைத்திருந்தே ஆக வேண்டும் என்று பிரிட்டனில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கார் ஓட்டுபவருக்கு 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. குதிரையேற்றப் பயிற்சி நிலையங்களுக்கு 1970ஆம் ஆண்டுச் சட்டம் அதை உரிமத்தின் நிபந்தனையாக வைத்தது. பதிவுபெற்ற பிசியோதெரபிஸ்ட் 2014 ஜூலை முதல் காப்பீடோ அதற்கு இணையான ஏற்பாடோ இல்லாமல் தொழில் செய்ய முடியாது. அவர் குணப்படுத்தும் அதே முழங்காலின் மேல் பாரம் ஏற்றி உட்கார்ந்து எழச் சொல்லும் பயிற்றுநருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. சட்டம் விட்ட இடத்தை மண்டப உரிமையாளர்களும் ஜிம் நிர்வாகங்களும் நிரப்பியிருக்கிறார்கள். அவர்களுடைய அக்கறை தங்கள்மீது வழக்கு வந்து விழக் கூடாது என்பதில் இருக்கிறது. அது இயல்பானதுதான், ஆனால் ஆசிரியரின் பாலிசி பரதநாட்டியத்தை ஏற்கிறதா, உதவிக்கு நிற்கும் மூத்த மாணவியை ஏற்கிறதா என்று பார்க்கும் தேவை அவர்களுக்கு இல்லை. அந்த வேலையை ஆசிரியர்தான் செய்ய வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் அவரும் அதை மறந்துவிடுகிறார்.

காப்பீடு கட்டாயமில்லை என்பதால் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஒருவருடைய உடலை அசைக்கவும் வளைக்கவும் கற்றுக்கொடுப்பவருக்கு நியாயமான கவனத்தோடு நடந்துகொள்ளும் கடமை உண்டு. அந்தக் கவனத்தை அளக்கும் கோல், ஆசிரியரின் சொந்த அனுபவமோ நல்லெண்ணமோ இல்லை. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1971இல் ஒரு வழக்கில், கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருப்பவரையும் தேர்ந்த ஓட்டுநருக்குரிய அளவுகோலாலேயே அளந்தது. போன ஆண்டு அரங்கேற்றம் முடித்துவிட்டு இந்த ஆண்டு வகுப்பு தொடங்கிய இளம் ஆசிரியைக்கும் தனிச் சலுகை கிடைக்காது. பெட்ஃபோர்ட்ஷயர் வட்டார மன்றத்துக்கு எதிராக 1995இல் முடிந்த வழக்கு பயிற்றுநர்களுக்கு இன்னும் நெருக்கமானது. இளைஞர் மையம் ஒன்றில் ஒரு இளைஞருக்கு முன்கரணம் அடிக்கக் காட்டிக்கொடுத்தார்கள். அதன் ஆபத்தையும், மெத்தையை எப்படி, எங்கே போட வேண்டும் என்பதையும் சரியாகச் சொல்லவில்லை. பிறகு அவர் தானாகவே செய்துபார்த்து மிக மோசமாக அடிபட்டார். தவறில் மூன்றில் இரண்டு பங்கு அவருடையது என்று நீதிமன்றம் கருதியது. மீதி ஒரு பங்குக்கு மன்றம் பொறுப்பேற்க நேர்ந்தது. ஒன்றைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினால் அதன் ஆபத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டும், பாதியில் விட்டால் அந்தப் பாதியே பொறுப்பாகிவிடும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

அந்த மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு பெரியதாகலாம்? சுளுக்குக்கும் எலும்பு முறிவுக்கும் கிடைக்கும் இழப்பீடு சில ஆயிரம் பவுண்டுகளில் முடியலாம். முதுகுத்தண்டு முறிந்து வாழ்நாள் முழுவதும் பராமரிப்பு தேவைப்படும் இளைஞருக்கோ இழந்த வருமானம், பணியாளர், வீட்டு மாற்றம் எல்லாம் சேர்ந்து கணக்கு மில்லியன்களில் போகும். எதிர்கால இழப்பை இன்று ஒரே தொகையாகக் கொடுக்கும்போது கணக்கிடும் கழிவு வீதம் இதை இன்னும் ஏற்றும், இறக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001 முதல் 2.5 சதவீதமாக இருந்த அந்த வீதம், 2017 மார்ச்சில் மைனஸ் 0.75 ஆனது; 2019 ஆகஸ்டில் மைனஸ் 0.25, 2025 ஜனவரி முதல் 0.5 சதவீதம். வீதம் குறையக் குறைய இழப்பீடு கூடும். ஆசிரியர் எதுவுமே மாற்றாமல், அதே வகுப்பை அதே விதமாக நடத்தும்போதும் அவருடைய பொறுப்பின் அளவு அரசாணை ஒன்றால் பெருகிவிடலாம் என்பது இதன் பொருள். எனவே 10 லட்சம் பவுண்டுக்கும் 50 லட்சம் பவுண்டுக்கும் உள்ள வேறுபாடு அலங்காரம் இல்லை. தொகை முக்கியமே இல்லை என்று நான் வாதிடவில்லை. பொருந்தாத பாலிசியில் எத்தனை பூஜ்ஜியம் இருந்தாலும் பயனில்லை என்பதே என் வாதம்.

இந்த நாட்டில்தான் மருத்துவம் இலவசமாயிற்றே, அடிபட்டவர் மருத்துவமனைக்குப் போனால் தீர்ந்துவிடாதா என்ற கேள்வி அடிக்கடி வரும். இதற்குச் சட்டத்தில் இருக்கும் பதில் பலருக்குத் தெரியாது. 2007 ஜனவரி முதல், உடற்காயத்துக்கு இழப்பீடு கொடுக்க நேர்பவர், காயம்பட்டவருக்கு தேசிய சுகாதார சேவை செய்த மருத்துவமனைச் செலவின் ஒரு பகுதியையும் நிர்ணயிக்கப்பட்ட கட்டணப்படி அரசுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்பு சாலை விபத்துகளுக்கு மட்டும் இருந்த இந்த ஏற்பாடு இப்போது நடன வகுப்புக்கும் பொருந்தும். நோயாளிக்கு இலவசம், தவறு செய்தவருக்கு இலவசமில்லை. வழக்கில் வென்றாலும் செலவு தப்பாது. 2013 ஏப்ரல் முதல் உடற்காய வழக்குகளில் தோற்கும் வாதி, எதிர்த்தரப்பின் வழக்குச் செலவைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது பொதுவிதி. பொய்யும் மோசடியும் இருந்தால் தவிர, தவறே செய்யாத ஆசிரியர் வழக்கறிஞருக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவது அரிது. பொறுப்புக் காப்பீட்டின் பாதி மதிப்பு இங்கேதான் இருக்கிறது. இழப்பீட்டைக் கட்டுவதோடு, ஆசிரியருக்காக வழக்காடும் கடமையையும் நிறுவனம் ஏற்கிறது. ஆதாரமற்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகும் நல்ல ஆசிரியருக்கே இது அதிகம் தேவை.

அடுத்து, கையெழுத்துத் தாள். “வகுப்பில் ஏற்படும் எந்தக் காயத்துக்கும் நான் பொறுப்பல்ல” என்று ஒரு படிவத்தில் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவைத்துக்கொண்டு, அதையே காப்பாக நினைப்பவர்கள் உண்டு. 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் வந்தது முதலே, தொழில் நடத்துபவரின் கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை எந்த ஒப்பந்தத்தாலும் அறிவிப்பாலும் விலக்க முடியாது. நுகர்வோரைப் பொறுத்தவரை 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டமும் அதையே சொல்கிறது. இந்தப் படிவப் பழக்கம் அமெரிக்காவிலும் உண்டு. அங்கே அதன் செல்லுபடி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 2010இல், ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே பயிற்சி சைக்கிளின் கைப்பிடி கழன்று விழுந்த பெண்ணின் வழக்கில், அவர் போட்ட கையெழுத்து சாதாரண கவனக்குறைவுக்குச் செல்லும் என்றது. அதே நீதிமன்றம் 2006இல், குழந்தைக்காகப் பெற்றோர் முன்கூட்டியே போடும் கையெழுத்து செல்லாது என்று தீர்ப்பளித்திருந்தது. நியூயார்க்கில் கட்டணம் வாங்கும் ஜிம்களுக்கும் பொழுதுபோக்கு இடங்களுக்கும் இத்தகைய விலக்கு செல்லாது என்று சட்டமே இருக்கிறது. பயிற்சி கொடுப்பதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட இடங்களுக்கு அது பொருந்தாது என்று நீதிமன்றங்கள் பிரித்துக் காட்டியிருக்கின்றன. பிரிட்டனில் படிவத்தின் பயன் வேறு. ஆஸ்துமா இருக்கிறதா, முன்பு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்ததா என்று கேட்டறியும் உடல்நலப் படிவம் ஆசிரியரை எச்சரிக்கும். எச்சரிக்கை கிடைத்த பிறகு அதை மதிக்காமல் நடத்தினால், அதே படிவம் அவருக்கு எதிரான சாட்சியாகவும் மாறும்.

காப்பீடு தேவை என்பது இதுவரை தெளிவாகியிருக்கும். இனி, பாலிசிக்குள் நுழையலாம். முதல் கேள்வி: என்ன பயிற்சி? பொதுப் பொறுப்புக் காப்பீடு என்பது ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவர், ஒலிபெருக்கி மேலே விழுந்து அடிபட்டவர் போன்றோருக்கானது. தவறாகச் சொல்லிக்கொடுத்ததால் நேர்ந்த காயத்துக்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு வேண்டும். பயிற்றுநர்களுக்கென்று விற்கப்படும் பாலிசிகளில் இரண்டும் சேர்ந்தே வரலாம். பொதுவான சிறுதொழில் பாலிசியை வாங்கியவருக்கு இரண்டாவது இல்லாமல் போகலாம். ஆசிரியரின் முதன்மையான ஆபத்தே அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. அடுத்து, பாலிசியின் செயல்பட்டியல். ‘நடனம்’ என்று மட்டும் குறித்திருந்தால் அதில் எது அடங்கும் என்று காப்பீட்டு நிறுவனம் நினைப்பதும் ஆசிரியர் நினைப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பரதநாட்டியத்தில் அரைமண்டியில் நின்று வெறுங்காலால் தட்டுவதே அடிப்படை. மீள்தன்மையுள்ள மரத்தளத்துக்கும் சிமென்ட் மேல் ஓடு பதித்த தளத்துக்கும் முழங்காலில், கெண்டைக்காலில் விளையும் வேறுபாடு பெரியது. அதுவும் ஒரே நாளில் தெரியாது, மாதக்கணக்கில் சேரும். அரங்கேற்ற மேடையில் எரியும் குத்துவிளக்கும் அதன் அருகே பட்டுப்புடவையின் விசிறி மடிப்பும் தீ விபத்துக்கான நேரடி வழி. பாலிசி மேடை நிகழ்ச்சியையும் நெருப்பையும் ஏற்கிறதா என்று கேட்டாக வேண்டும். சலங்கை கீறிய மண்டபத் தளத்துக்கு யார் பணம் கட்டுவது? உங்கள் பொறுப்பில் இருக்கும் பொருளுக்கு நேரும் சேதத்தைப் பல பாலிசிகள் விலக்கிவிட்டு, வாடகை மண்டபங்களுக்குத் தனி விதி வைத்திருக்கும், இல்லாமலும் இருக்கும். உடற்பயிற்சியாளர்களிடம் இதே சிக்கல் வேறு வடிவத்தில் வருகிறது. எடை தூக்கப் பயிற்சி கொடுக்க வாங்கிய பாலிசி, சாப்பாட்டுத் திட்டம் எழுதிக்கொடுத்ததற்கும் புரதமாவு பரிந்துரைத்ததற்கும் தசைபிடித்துவிட்டதற்கும் சேர்த்துப் பேசும் என்று நம்ப இடமில்லை.

இரண்டாவது கேள்வி: யார்? தமிழர் நடத்தும் நடனப் பள்ளிகளில் ஆசிரியர் ஒருவரே எல்லாம் செய்வது அரிது. மூத்த மாணவி சிறுவர்களுக்குத் தட்டடவு பழக்குவார். மகள் நட்டுவாங்கம் பிடிப்பார். அரங்கேற்றத்துக்கு மிருதங்கமும் வயலினும் வாசிக்கச் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கலைஞர்கள் வருவார்கள். பாலிசியில் பெயர் இருப்பதோ ஆசிரியருக்கு மட்டும். அவர் ஒரு வாரம் ஊருக்குப் போக, இன்னொருவர் வகுப்பை எடுத்தால், அந்த இன்னொருவரிடம் தனிப் பாலிசி இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. சம்பளத்துக்கு ஒருவரை வைத்துக்கொண்டால் 1969ஆம் ஆண்டின் வேலை கொடுப்போர் பொறுப்புக் கட்டாயக் காப்பீட்டுச் சட்டம் வந்து நிற்கும். குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்குப் பாலிசி இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 2,500 பவுண்டுவரை அபராதம். நெருங்கிய குடும்பத்தினரை மட்டும் வேலைக்கு வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. ஆனால் பள்ளியை லிமிடெட் கம்பெனியாகப் பதிந்துவிட்டால் அந்த விலக்கை நம்ப முடியாது. வரிக்காகக் கணக்காளர் சொன்னதைக் கேட்டுக் கம்பெனியாக மாறியவருக்கு, அம்மாவும் மகளும் நடத்தும் பள்ளி ஒரே நாளில் சட்டத்தின் வேறொரு பிரிவுக்குள் போய்விட்டது தெரிவதில்லை. பாலிசி பழைய பெயரிலேயே, தனிநபர் பெயரிலேயே புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

மூன்றாவது கேள்வி: எங்கே? 2020இல் கோவிட் முடக்கத்தின்போது வகுப்புகள் ஜூமுக்கு மாறின. பல இன்றும் திரும்பவில்லை. புலம்பெயர்ந்த தமிழரின் உறவு வலை எந்த நாட்டெல்லையோடும் நிற்பதில்லை. லண்டன் ஹாரோவில் இருக்கும் ஆசிரியரிடம் டொரொன்டோவிலும் நியூஜெர்சியிலும் இருக்கும் உறவினர் பிள்ளைகள் இணையத்தில் சேர்வது இயல்பு. பாலிசியோ நாட்டெல்லையை மிகவும் மதிக்கும். அமெரிக்க, கனடா நீதிமன்றங்களில் தொடுக்கப்படும் வழக்குகளை விலக்குவது பிரிட்டிஷ் பாலிசிகளில் பரவலான வழக்கம். அங்கே இழப்பீடும் வழக்குச் செலவும் மிகுதி என்பதே காரணம். ஆசிரியரின் கண்ணுக்கு ஒரே திரையில் பன்னிரண்டு பிள்ளைகள்; பாலிசியின் கண்ணுக்கு அதில் எட்டுப் பேர் உள்ளே, நான்கு பேர் வெளியே. அதோடு, பிள்ளை எந்தத் தரையில் நிற்கிறது, பக்கத்தில் கண்ணாடி மேசை இருக்கிறதா என்று பார்க்கும் கடமை திரைவழி வகுப்பில் குறையாது. நிறைவேற்றுவது மட்டும் கடினமாகும். நேரலை வகுப்புக்கும், பதிவுசெய்து விற்கும் காணொளிக்கும் வேறுவேறு விதிகள் வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு.

நான்காவது கேள்வி: எப்போது? நான்கிலும் இதுவே அதிகம் கவனிக்கப்படாதது. பொதுப் பொறுப்புப் பாலிசி பொதுவாகச் சம்பவம் நடந்த நாளைப் பார்க்கும்: அன்று பாலிசி உயிரோடு இருந்தால், வழக்கு எப்போது வந்தாலும் அது பேசும். தொழில்முறைப் பொறுப்புப் பாலிசி பொதுவாகக் கோரிக்கை வந்த நாளைப் பார்க்கும்: அன்று பாலிசி இல்லையென்றால், சம்பவம் நடந்த ஆண்டில் ஒழுங்காகப் பிரீமியம் கட்டியிருந்தாலும் பயனில்லை. இதைக் காலவரையறைச் சட்டத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் உடற்காய வழக்குக்கு மூன்று ஆண்டு அவகாசம். சிறுவருக்கு அந்த மூன்று ஆண்டு 18 வயதில்தான் ஓடத் தொடங்கும். எட்டு வயதுச் சிறுமிக்கு நேர்ந்த காயத்துக்கு அவளது 21ஆம் வயதுவரை, அதாவது 13 ஆண்டு கழித்தும் வழக்கு வரலாம். அதற்குள் ஆசிரியர் ஓய்வு பெற்றிருப்பார், பாலிசியை நிறுத்தியிருப்பார். தொழிலை விட்ட பிறகும் சில ஆண்டுகள் தொடரும் நீட்டிப்புக் காப்பை வாங்கியிருந்தாலொழிய அவர் வெறுங்கையோடு நிற்பார். மெல்ல மெல்லச் சேரும் முழங்கால் தேய்மானத்தில் சிக்கல் இன்னும் கூடும்: காயம் நடந்தது எந்த நாளில் என்பதே வாதத்துக்குரியதாகிவிடும். குறைந்த விலைக்காக ஆண்டுதோறும் நிறுவனம் மாற்றுபவர், பழைய வகுப்புகளைப் புதிய பாலிசி எந்தத் தேதியிலிருந்து ஏற்கிறது என்று பார்க்காமல் மாற்றினால், மிச்சமான பத்து பவுண்டுக்கு பத்தாண்டுக் காப்பை விற்றவராவார்.

இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில், பாலிசி வாங்கும்போது ஆசிரியர் சொன்னதைப் பொறுத்தது. தன் தொழிலுக்காகக் காப்பீடு வாங்குபவரைச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 2015ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டப்படி, தன் தொழிலின் ஆபத்துகளை நேர்மையாகவும் முழுமையாகவும் எடுத்துவைக்கும் கடமை அவருக்கு உண்டு. நிறுவனம் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாது. நல்ல செய்தி என்னவென்றால், பழைய சட்டத்தில் ஒரு தகவல் விடுபட்டாலே முழுப் பாலிசியையும் நிறுவனம் கிழித்துப்போட முடிந்தது. புதிய சட்டத்தில், தெரிந்தே ஏமாற்றாதவரை, தவறின் அளவுக்கே தண்டனை. சரியாகச் சொல்லியிருந்தால் இரண்டு மடங்கு பிரீமியம் வாங்கியிருப்போம் என்று நிறுவனம் நிரூபித்தால், கோரிக்கையில் பாதிதான் கிடைக்கும். பாதி கிடைப்பது ஒன்றுமில்லாததைவிட மேல். ஆனால் மில்லியன்களில் போகும் இழப்பீட்டில் எஞ்சிய பாதி ஒரு ஆசிரியரின் வீட்டை விழுங்கப் போதும்.

சான்றிதழைவிட உள்ளடக்கத்தைக் கவனிக்கும் சட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு எல்லைக்கு அப்பாலேயே ஒரு மாதிரி இருக்கிறது. பிரான்ஸ் 1989 ஜூலையில் நடனக் கல்விக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. கிளாசிக்கல் பாலே, தற்கால நடனம், ஜாஸ் ஆகிய மூன்றையும் கட்டணத்துக்குச் சொல்லிக்கொடுக்க அரசின் டிப்ளோமாவோ அதற்கு இணையான தகுதியோ வேண்டும். நடனக்கூடம் நடத்துபவர், தன் பொறுப்புக்கு மட்டுமல்லாமல் அங்கே கற்பிக்கும் ஒவ்வொருவரின் பொறுப்புக்கும், கற்பவர்களின் பொறுப்புக்கும் சேர்த்துக் காப்பீடு எடுக்க வேண்டும். தளத்தின் பாதுகாப்புக்கும் குழந்தைகளின் வயதுக்கேற்ற பயிற்சிக்கும் விதிகள் உண்டு. பாரிஸில் நடக்கும் பரதநாட்டிய வகுப்பு அந்த மூன்று நடனங்களுக்கான டிப்ளோமாக் கட்டாயத்துக்குள் வராது என்பது இதன் குறை. ஆனால் பிரான்ஸ் காப்பீட்டைத் தளத்தோடும் வயதோடும் கற்பிப்பவரோடும் சேர்த்துக் கட்டியது. ஒரு சான்றிதழின் தொகையோடு விட்டுவிடவில்லை. பிரிட்டனில் மண்டபம் ஒரு பக்கம், ஆசிரியர் ஒரு பக்கம், உதவியாளர் ஒரு பக்கம் என்று தனித்தனிப் பாலிசிகள். இடையில் விழும் காயம் எந்தப் பாலிசிக்கும் சொந்தமில்லாமல் போகும் வாய்ப்பு அதிகம்.

இவற்றுக்கு எதிரான வாதங்களில் வலுவானது பண்பாட்டு வாதம்: குருவுக்கும் மாணவிக்கும் இடையே வழக்கறிஞரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் கொண்டுவந்து நிறுத்தினால் அந்த உறவு வெறும் கொடுக்கல் வாங்கலாகிவிடாதா? இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் உறவு உடைவது காப்பீட்டால் அல்ல. காயத்துக்குப் பிறகு யார் செலவை ஏற்பது என்ற கேள்விக்குப் பதிலே இல்லாதபோதுதான். பதில் சொல்லப் பணமில்லாத ஆசிரியர் மாணவியைப் பார்க்கவே தயங்குவார். கேட்க வழியில்லாத பெற்றோர் ஊரெல்லாம் பேசுவார்கள். இழப்பீட்டுக் கணக்கை மூன்றாவது ஒருவர் ஏற்றுக்கொண்டால் இருவரும் பழையபடி பேசிக்கொள்ள இடம் இருக்கும். ரக்பி நடுவர் ஒருவரின் தவறால் ஆட்டக்காரர் முடமான வழக்கில், தன்னார்வலர்கள்மீது பொறுப்பைச் சுமத்தினால் யாருமே நடுவராக முன்வர மாட்டார்கள் என்ற வாதம் எழுந்தது. 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த ஆபத்துக்குக் காப்பீடு செய்யும் வழி விளையாட்டு அமைப்புக்கு இருப்பதையும் அது கருத்தில் கொண்டது. தொண்டு மனத்துக்கும் பொறுப்புக்கும் பகை இல்லை என்பதே அதன் சாரம்.

காப்பீடு இருப்பதே வழக்கை வரவழைக்கும், பணம் இருக்கும் இடத்தைத் தேடித்தானே வழக்கறிஞர் வருவார் என்பது இரண்டாவது வாதம். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் நீதிமன்றங்கள் கண்ணை மூடிக்கொண்டு இழப்பீடு வழங்குவதில்லை. ஆழமற்ற ஏரியில் குதித்துக் கழுத்து முறிந்த இளைஞரின் வழக்கை 2003இல் பிரபுக்கள் சபை தள்ளுபடி செய்தது. வெளிப்படையான ஆபத்தைத் தானே தேர்ந்தவரைப் பாதுகாப்பதற்காக மற்றவர்களின் பொழுதுபோக்கை முடக்கக் கூடாது என்றது. 2006ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும், விரும்பத்தக்க செயல்களை முடக்கிவிடும் அளவுக்குக் கவனத்தை எதிர்பார்க்கிறோமா என்று நீதிமன்றம் எண்ணிப்பார்க்கலாம் என்கிறது. நடனமும் உடற்பயிற்சியும் விரும்பத்தக்க செயல்களே. ஆனால் இந்தத் தற்காப்புகளை நீதிமன்றத்தில் எடுத்துவைக்கத் திறமையான வழக்கறிஞர் வேண்டும். அவரை அமர்த்தித் தருவது அந்தப் பாலிசிதான். காப்பீடு இல்லாதவர் வழக்கிலிருந்து தப்புவதில்லை, தற்காப்பிலிருந்துதான் விலகி நிற்கிறார்.

எப்படியும் அவர்கள் கொடுக்கப் போவதில்லை, சின்ன எழுத்தில் ஏதாவது காரணம் இருக்கும் என்பது மூன்றாவது வாதம். சொன்ன தொழிலும் நடக்கும் தொழிலும் வேறாக இருக்கும் இடங்களில் இந்தச் சலிப்பு நியாயமாகிவிடுகிறது. சரியாகச் சொல்லி வாங்கியவருக்குச் சட்டம் துணை நிற்கும். நடந்த இழப்போடு தொடர்பே இல்லாத நிபந்தனையைக் காட்டிக் கோரிக்கையை மறுப்பதை 2015ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பத்துப் பேருக்கும் குறைவாக வைத்து நடத்தும் சிறுதொழிலர் நிதிச் சேவை ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆசிரியர் திவாலானாலும் காயம்பட்டவர் அவருடைய காப்பீட்டு நிறுவனத்தை நேரடியாகவே கேட்கலாம் என்ற 2010ஆம் ஆண்டுச் சட்டமும் 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொறுப்புக் காப்பீடு யாருக்காக என்ற கேள்விக்கு இந்தச் சட்டமே பதில்: பிரீமியம் கட்டுபவர் ஆசிரியராக இருந்தாலும், அதன் இறுதிப் பயன் அடிபட்ட மாணவிக்கு.

அப்படியானால் சட்டத்தால் கட்டாயமாக்கிவிடலாமா? இன்றைய பழக்கம் மாறாமல் கட்டாயமாக்கினால், மண்டபம் கேட்கும் அதே சான்றிதழை அரசும் கேட்கும், ஓட்டைகள் அப்படியே இருக்கும். அதற்கு முன்பு செய்ய வேண்டியவை மூன்று. மண்டபங்களும் ஜிம்களும் தொகையோடு பாலிசியின் செயல்பட்டியலையும் கற்பிப்பவர்களின் பெயர்களையும் கேட்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக வாங்குவதில் அவர்களுக்குச் சுமை இல்லை. தமிழ் நடன ஆசிரியர் சங்கங்களும் வார இறுதிப் பள்ளிகளும் தனித்தனியே அலைவதை விட்டு, அரைமண்டி, சலங்கை, குத்துவிளக்கு, உதவி ஆசிரியர், வெளிநாட்டு இணைய மாணவர், ஓய்வுக்குப் பிந்தைய நீட்டிப்பு எல்லாம் பெயர்சொல்லி எழுதப்பட்ட கூட்டுப் பாலிசி ஒன்றைத் தரகர் மூலம் பேசி வாங்க வேண்டும். கூட்டமாகப் போனால் விலையிலும் வாசகத்திலும் பேரம் பேசலாம். ஆசிரியரோ, புதுப்பிக்கும் ஒவ்வொரு ஆண்டும் என்ன, யார், எங்கே, எப்போது என்ற நான்கு கேள்விகளுக்கும் தன் வகுப்பின் இன்றைய நிலையை எழுதி நிறுவனத்துக்கு அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கிவைக்க வேண்டும். பதில் ‘இல்லை’ என்று வந்தாலும் அது பயனுள்ளதே. அந்தப் பகுதியை எடுக்கலாமா வேண்டாமா, கூடுதல் பிரீமியம் கட்டலாமா என்று காயம் நடப்பதற்கு முன்பே முடிவெடுக்க முடியும். இந்த மூன்றும் பழக்கமான பிறகு கட்டாயச் சட்டம் வந்தால், அது காகிதத்தை மட்டும் பெருக்காது, மாணவர்களையும் காக்கும்.